சகலை பேரில் ஒரு வீடு

சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. குழந்தைகள் காப்பகத்து வாசல் முழுக்க ஸ்கூட்டர்கள். ஒவ்வொரு ஸ்கூட்டருக்குப் பக்கத்திலும் வேலையிலிருந்து நேராக வந்த ஓர் அம்மாவோ அப்பாவோ, ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் குழந்தையின் ஒற்றைச் செருப்புமாக நிற்பார்கள். இன்னொரு செருப்பு எப்போதும் உள்ளேதான் எங்கேயோ கிடக்கும். அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் காப்பகத்து அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தக் கூட்டத்தில் தன் பெண் குழந்தையைக் கூட்டிப்போக வருகிற ஒருத்தி மட்டும் செருப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டாள். அவள் காப்பகம் நடக்கிற வீட்டையே, அந்த அம்மாவின் சொந்த வீட்டையே, பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே வெளிச்சமான பெரிய கூடம். பின்னால் துணி காயப்போடத் தாராளமான இடம். மாடியில் சுவர் மட்டும் எழும்பி நிற்கிறது; ஜன்னல் வைக்க வேண்டிய இடங்களில் பிளாஸ்டிக் தாள் கட்டி, அது காற்றில் படபடக்கிறது. 'இந்த மாடியை முடிச்சு, ஒரு பெயின்டும் அடிச்சிட்டா வீடு எப்படி இருக்கும்!' என்று முதன்முதலில் அவள் நினைத்தது அந்த அம்மாவின் நன்மைக்காகத்தான். அடுத்தவர் வீட்டின் மேல் வருகிற ஆசை எல்லாமே இப்படி நல்லெண்ணத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அவள் குடியிருப்பது வாடகை வீட்டில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பான உத்தரவு. அதனால் கல்யாணப் போட்டோகூடக் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. சொந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எந்தச் சுவரில் என்பதில்தான் எல்லா வினையும் வந்தது.

அவள் கணவர் ஒரு கடன் சங்கத்தில் கடன் அதிகாரி. சங்கத்தில் அவருக்கு 'விதிமுறை' என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் "விதிமுறைப்படி பார்த்தா…" என்றுதான் ஆரம்பிப்பார். ஆபீஸ் பேனா தவறிப்போய்ச் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டால், மறுநாள் முதல் வேலையாக அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கடன் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அவரைத் தெரிந்த யாரும் அவர்மேல் ஒரு விரல் நீட்ட மாட்டார்கள்.

காப்பகத்து வீடு அந்தச் சங்கத்தில்தான் அடமானத்தில் இருந்தது. மாடி கட்டக் கடன் வாங்கினார்கள். பாதி எழும்பும்போது, வண்டி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த காப்பகத்து அம்மாவின் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வந்த வருமானம் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. தவணைகள் நின்றன. காப்பகத்து அம்மா நாலு எழுத்து எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள்.

"சார், ஆறு மாசம் மட்டும் டைம் கொடுத்தா போதும். மேல ஜன்னலும் கதவும் போட்டுட்டா வாடகைக்கு வர ஒரு குடும்பம் ரெடியா இருக்கு. அவங்க கொடுக்கற அட்வான்ஸ்ல பழைய பாக்கியை அடைச்சிடுவேன். அப்புறம் வாடகைப் பணம் நேரா தவணைக்கு வந்துடும்."

"ஜன்னலுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தச்சர் கடனுக்குப் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கார் சார். அவர் பொண்ணு எங்கிட்டதான் வளர்ந்தா."

கணக்கு நேராக இருந்தது. கமிட்டி முன்னால் வைத்தால் சரி என்று சொல்லிவிடுவார்கள். விதிமுறை சார் தலையை ஆட்டினார். "சரிம்மா, கமிட்டியில வைக்கிறேன்" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கேட்கணும்னு நினைச்சேன். வெயில் காலத்துல உங்க வீட்ல தண்ணி எப்படி?"

காப்பகத்து அம்மாவின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு நல்ல மதிப்புப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "தண்ணிக்கு ஒரு குறையும் இல்லை சார். சுவத்துல ஈரமும் ஏறாது. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகினதில்லை." தன் வாயாலேயே தன் வீட்டை அவரிடம் விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே சட்டென்று விளங்கவில்லை. முந்தின நாள் சாப்பிடும்போது அவர் மனைவி கேட்ட கேள்வி அது. விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். மற்ற விண்ணப்பங்கள் மேஜையின் மேல் இருந்தன.

அடுத்த கமிட்டி கூடியது. விண்ணப்பத்தோடு மின் கட்டண ரசீது நகல் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். காப்பகத்து அம்மா மறுநாளே ஓடிவந்து நகலைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த கமிட்டிக்கு முன்னால், தச்சரின் ஒப்புதலில் தேதி போடவில்லை என்று கண்டுபிடித்தார். அதையும் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் கணவரின் கையெழுத்து பழைய கையெழுத்து மாதிரி இல்லை என்றார். ஒரு பக்கம் கை விழுந்த மனுஷனின் கையெழுத்து எப்படி ஐயா பழையபடி இருக்கும்? ஆனால் விதிமுறைப்படி அதுவும் குறைதான். விண்ணப்பத்தில் குறை கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு விதியையும் மீறவில்லை. விண்ணப்பம் மட்டும் இழுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. தவணைகள் தவறிக்கொண்டே போய், கடைசியில் வீடு ஏலத்துக்கு வந்தது.

"ஏலத்துக்கா?" என்றாள் அவர் மனைவி. குரலில் அனுதாபம் இருந்தது. அனுதாபம் அடங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "ஏங்க, எப்படியும் யாரோ ஒருத்தர் வாங்கத்தானே போறாங்க?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். உலகத்தில் இதைப் போல் வசதியான வாக்கியம் இன்னொன்று கிடையாது. நம் பங்குக்கு நாம் செய்கிற எந்த அநியாயத்தையும் இதற்குள் சுருட்டி வைத்துவிடலாம்.

"நாம வாங்கக் கூடாது. விதி இருக்கு. சங்கத்துல வேலை பார்க்கறவங்க, நிர்வாகிங்க யாரும் அடமானத்துல இருக்கற சொத்தை ஏலத்துல எடுக்கக் கூடாது. அவங்க மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்களும் கூடாது."

"உங்க அண்ணன்?"

"கூடப் பிறந்தவர்தானே? கூடாது."

"எங்க அம்மா?"

"உங்க அம்மாவும் அம்மாதான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "சகலை?"

விதிமுறை சார் அந்தப் பட்டியலை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். சகலை என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனதும் விதிப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தார். இல்லவே இல்லை. நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்கிற சகலையைச் சட்டம் எழுதினவர்கள் மறந்துவிட்டார்கள் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. 'அவர்கள் சார்பில் வாங்கும் வேறு எவரும்' என்று அடுத்த வரியில் இருந்தது. கண் அதன் மேல் பட்டது, படாதது மாதிரி நகர்ந்துவிட்டது.

சகலைக்கு டயர் கடை. அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'டயர்'. விதிமுறை சாரின் மனைவிக்கு அக்கா புருஷன். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாயில் ஒரு விஷயமும் தங்காது. பிறந்தநாளுக்கு ரகசியமாகச் சேலை வாங்கி ஒளித்து வைத்துவிட்டு, "பீரோவுக்குப் பின்னாடி மட்டும் பார்த்துடாதே" என்று மனைவியிடம் அவரே சொல்லி வைப்பார். உலகத்தில் ரகசியமாகச் செய்ய வேண்டிய காரியத்துக்கு இவர்கள் தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கள்.

"சகலை, நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா?" என்றார் டயர். "என் பேர்ல எடுத்துடலாம். கொஞ்ச நாள் கழிச்சு உங்க பேருக்கு மாத்திக்குங்க. ஆனா ஒண்ணு. வாங்கினப்புறம் வீட்டை நானே வச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

சொல்லிவிட்டு வீடு அதிரச் சிரித்தார். "தமாஷ் சகலை, தமாஷ்!" என்று அவர் முதுகில் தட்டினார். விதிமுறை சாருக்கு அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. காப்பகத்து அம்மாவை நினைத்து ஒரு நாளும் இறங்காமல் போனதில்லை, அது வேறு விஷயம்.

ஏல அறிவிப்பைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பது இன்னொரு விதி. சங்கத்தின் அறிவிப்புப் பலகை வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கதவைத் திறந்தால் அது பலகையின் மேல் போய்ச் சாய்ந்துகொள்ளும். சங்கம் திறந்திருக்கிற நேரமெல்லாம் கதவும் திறந்திருக்கும். ஆக, அந்தப் பலகையைப் படிக்க வேண்டுமானால் சங்கத்தைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கூத்து அங்கே எத்தனையோ வருஷமாக நடக்கிறது. ஒருத்தரும் பலகையை இடம் மாற்றவில்லை. விதிமுறை சார் ஏல அறிவிப்பை அதில் நாலு மூலையிலும் குண்டூசி குத்தி அழகாக ஒட்டினார். கோப்பில் 'ஒட்டப்பட்டது' என்று எழுதினார். தலைவரும் கையெழுத்துப் போட்டார். தலைவர் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கமில்லை.

ஏலத்தன்று காலையில் டயரைத் தன் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு விதிமுறை சார் பாடம் நடத்தியபடியே ஸ்கூட்டரை ஓட்டினார்.

"என்னைப் பார்க்கவே கூடாது. பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது."

"சரி."

"ஏலத்தை நடத்த வெளியிலேர்ந்து ஒரு அம்மா வராங்க. ரொம்பக் கறார். 'கடன் அதிகாரி உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டாலும் கேட்பாங்க. 'எனக்கு ஒண்ணும் வேண்டியவர் இல்லை, அவர் யாருன்னே தெரியாது'ன்னு பட்டுனு சொல்லிடணும். யோசிக்கக் கூடாது."

"பட்டுனு சொல்லிடறேன். விடுங்க சகலை, நான் என்ன குழந்தையா?"

சங்கத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே அவரை இறக்கிவிட்டார். டயர் நடந்து வந்தார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கூடத்தில் பத்துப் பதினைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களை எண்ண ஒரு கை போதும். பலகை கதவுக்குப் பின்னால் இருந்தால் வேறென்ன நடக்கும்? ஒருவர், பழைய வண்டி ஏலம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர். வந்ததற்கு மின்விசிறிக் காற்றாவது வாங்கிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் காப்பகத்து அம்மா. குழந்தைகளையும் கணவரையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வீடு கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று வந்துவிட்டாள். முன்னால் மேஜையில் ஏல அதிகாரியம்மா. பக்கத்தில் விண்ணப்பங்களோடு அவருடைய உதவியாளர்.

டயர் உள்ளே நுழைந்தார். பார்க்கக் கூடாது என்று சொன்ன ஆளைத்தான் கண் முதலில் தேடியது. விதிமுறை சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் டயருக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது. எங்கே போவது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்று முழித்தார்.

உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். பணம் கட்ட வந்தவரோ, ஏலத்துக்கு வந்தவரோ என்று தெரிந்துகொள்ள, ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு அவர் ஒண்ணும் வேண்டியவர் இல்லைங்க!" என்றார் டயர், பட்டென்று. "சகலையெல்லாம் கிடையவே கிடையாது. மூஞ்சியையே இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்."

மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க ஏலத்துக்கு வந்தீங்களா, தவணை கட்ட வந்தீங்களான்னு கேட்டேன்" என்றார் உதவியாளர்.

ஏல அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு யார் சகலை இல்லை?"

டயரின் விரல் தானாகவே ஜன்னல் பக்கம் போனது. பாதி வழியில் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அதற்குள் எல்லோரும் விதிமுறை சாரைப் பார்த்தாகிவிட்டது. நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று டயருக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் மோசம்.

"அதாவது மேடம், அவர் சம்சாரமும் என் சம்சாரமும் அக்கா தங்கச்சி. மத்தபடி எங்களுக்குள்ள எந்தச் சம்பந்தமும் இல்லைங்க."

பழைய வண்டிக்காக வந்தவர் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் மட்டும் சிரிப்பு இல்லை. காப்பகத்து அம்மா விதிமுறை சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போகும்போது தினமும் "வரேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிற மனுஷன் அவர்.

விதிமுறை சார் முன்னால் வந்தார். வாய் பழக்கத்தை விடவில்லை. "மேடம், விதிமுறைப்படி பார்த்தா, தடை செஞ்ச உறவுகள்ல சகலை இல்லை."

"இவர் ஏலத்துல கட்டப்போற பணம் யாரோடது?"

டயர் விதிமுறை சாரின் முகத்தைப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"விதிப் புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு? எடுங்க. உறவுங்க இருக்கற வரிக்கு அடுத்த வரியைப் படிங்க. எல்லாருக்கும் கேட்கற மாதிரி."

எத்தனையோ பேருக்கு விதியைப் படித்துக் காட்டிய குரல் அது. அன்றைக்கு ஒரு வரியைப் படிக்க அது என்ன பாடுபட்டது! "அவர்கள் சார்பில்… வாங்கும்… வேறு எவரும்."

"ஏலம் ரத்து" என்றார் ஏல அதிகாரியம்மா. அவர் குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. "போன தடவை வேற ஒரு ஊர்ல மாமனாரைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னால டிரைவரை. இப்ப சகலை. ஏன்யா, ஊர்ல இத்தனை வீடு விக்குது, உங்களுக்கெல்லாம் நீங்க கடன் கொடுத்த வீடுதான் வேணுமா? நான் சங்கத்துக்கு எழுதறேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி அறிவிப்புப் போடணும். அந்தப் பலகையை முதல்ல கதவுக்குப் பின்னாலேர்ந்து கழட்டுங்க."

அன்று சாயங்காலம் குழந்தையைக் கூட்டிவரப் போக மாட்டேன் என்றாள் அவர் மனைவி. "நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்? நீங்களே போங்க." வீட்டை வாங்கும்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவதாக இருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் வேறு மூஞ்சியா இருந்தது?

கூட்டம் கலையட்டும் என்று தெருமுனையில் நின்று, கடைசி ஸ்கூட்டரும் போன பிறகுதான் உள்ளே போனார். காப்பகத்து அம்மா குழந்தையின் இரண்டு செருப்பையும் மாட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"நாளைக்கு மாத்துத் துணி ரெண்டு செட் வச்சு அனுப்புங்க சார். இன்னைக்கு மேல தண்ணியைக் கொட்டிக்கிட்டா."

"சரிங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் பார்க்கக் கத்தியிருந்தால்கூட, குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் டைம் கேட்டு எழுதிக் கொடுத்தேனே. கமிட்டி முடியாதுன்னுதான் சொல்லிச்சா?"

"இல்லைங்க. இன்னும்… வைக்கலை."

"வைக்கவே இல்லையா?" இத்தனை மாதமாகக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் சார்?"

"மின் கட்டண ரசீது நகல்…" என்று ஆரம்பித்தார்.

"அதை மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேனே சார்."

உள்ளேயிருந்து அவள் கணவரின் குழறிய குரல் வந்தது. "யாரு வந்திருக்கா?"

அவள் விதிமுறை சாரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பாப்பாவோட அப்பா" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் டயர் உட்கார்ந்திருக்கிறார். காலையில் பட்ட அவமானம் சாயங்காலத்துக்குள் அவருக்குச் செரித்துவிட்டிருந்தது. அதுமட்டுமில்லை, புதிதாக ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார்.

"கவலையை விடுங்க சகலை. ஒரு மாசத்துல மறுபடி ஏலம் வருதில்ல? என் கடையில பஞ்சர் ஒட்டற பையன் பேர்ல எடுத்துடுவோம். அவன் நமக்கு நிஜமாவே ஒண்ணும் வேண்டியவன் இல்லை. எவன் எத்தனை தடவை கேட்டாலும் மாட்ட மாட்டோம்!"

விதிமுறை சார் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அவன் நம்பிக்கையான ஆளா மாமா?"

"போதும், நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. அந்த வீட்டில் அவர் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. "இன்னும் அந்த வீடா? அந்தம்மா நம்ம குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டு அனுப்புது. நாம அவங்க வீட்டுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். நம்பிக்கையான ஆளாம்! நம்பிக்கையான ஆள்னு நினைச்சுத்தான் அந்தம்மா எங்கிட்ட வந்துச்சு."

டயர் எழுந்து செருப்பைத் தேடினார். "தமாஷுக்குச் சொன்னேன் சகலை" என்று முணுமுணுத்தார். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "நாளைக்கு நானே போய்க் கூட்டிட்டு வரேன். அந்தம்மாகிட்ட நானும் பேசணும்" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

மறுநாள் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஏல அதிகாரியம்மாவின் கடிதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. வீட்டைப் பற்றிய கவலை ஒருவருக்கும் இல்லை. 'எங்களுக்குத் தெரியாது' என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர். 'கடன் அதிகாரி விடுப்பில் இருந்தார் என்று எழுதலாமா?' என்றார் இன்னொருவர். விதிமுறை சார் இழுப்பறையில் கிடந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜையின் நடுவில் வைத்தார்.

"இந்த அம்மா டைம் கேட்டு எப்பவோ கொடுத்தது. நான்தான் உங்க முன்னால வைக்கலை. ஏன் வைக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு இதுலயே இணைச்சிருக்கேன்."

தலைவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு காகிதத்தை முழுக்கப் படித்தார். படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னய்யா இது? இதை நான் உள்ளே வாங்கினா உங்க வேலைக்கே ஆபத்து. கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க."

"வாங்கிக்குங்க ஐயா."

விண்ணப்பத்தைப் படித்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மாடிக்கு ஆள் இருக்கிறது, தச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கேட்ட அவகாசத்தைக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. இனி ஏலம் இல்லை. இதைச் செய்ய இத்தனை மாதமும், ஒரு குடும்பத்தின் இத்தனை கண்ணீரும் வேண்டியிருந்தது. விதிமுறை சாரைக் கடன் பிரிவிலிருந்து விலக்கி, விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

எல்லோரும் எழுந்து போன பிறகு தலைவர் அவர் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே மனசு கேட்காமல்தான் சொன்னார்.

"ஒரு டீகூட யார்கிட்டயும் வாங்கிக் குடிக்காத ஆளுய்யா நீங்க. திருடனைப் பிடிக்கப் போட்ட சட்டத்துல உங்களை மாதிரி யோக்கியன் போய் மாட்டிக்கிட்டீங்களே!"

"இல்லைங்க ஐயா. இது திருடனுக்காகப் போட்ட சட்டம் இல்லை, என்னை மாதிரி யோக்கியனுக்காகப் போட்டது. அந்த விண்ணப்பம் வந்தப்ப நான் லஞ்சம் வாங்கலை, பொய் சொல்லலை, ரசீது நகல் மட்டும்தான் கேட்டேன். ஆனா அந்த வீட்டு மேல ஆசை வந்த நாள்லேர்ந்து, அந்தம்மா பணத்தைக் கட்டிடக் கூடாதேன்னு என் மனசு வேண்ட ஆரம்பிச்சிடுச்சு. எனக்கே தெரியலை. கடன் கொடுக்கற இடத்துல உட்கார்ந்திருக்கறவன், வாங்கினவங்க எழுந்து நிக்கணும்னு நினைக்கணும். அவங்க விழுந்தா வீடு நமக்குன்னு ஆயிட்டா, அப்புறம் எந்த யோக்கியனும் தூக்கிவிட கை நீட்ட மாட்டான் ஐயா."